நாய் இருக்கிற வீட்டுக்குக் கோழிக் கூண்டு: பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கியது, ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்தபின்

எங்கள் பக்கம் தோட்டத்து வீடு என்றால் நாயும் இருக்கும், பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்பக்கம், நாலு கோழியும் மேயும். ஆனால் கடையில் தயாராக விற்கிற கூண்டுகள் எல்லாம் கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தவை. நாய் கோழியைத் தொடாமல் இருப்பதற்குச் செய்தவை இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை. அதனால்தான் காங்கேயம் போகிற வழியில் இருக்கிற ஒரு சின்ன வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினோம். நல்லதும் குறையும் சேர்த்தே சொல்லப் போவதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாய் வளர்க்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட கூண்டு கட்டாயம் வேண்டும், கொடுத்த காசுக்கு நியாயம் செய்கிறது, ஆனால் கீழ் இரண்டடி சரியாக இருந்தால்தான். மேலே எவ்வளவு அழகாகச் செய்தாலும் நாய்க்கும் கோழிக்கும் நடக்கிறதெல்லாம் தரையிலிருந்து இரண்டடிக்குள்தான் நடக்கிறது. அப்புறம், கூண்டு நாயைத் திருத்தாது. நாயைப் பழக்குகிறவரைக்கும் நமக்கு அவகாசம் கொடுக்கும். நான் காசு கொடுத்தது அந்த அவகாசத்துக்குத்தான்.

எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்தால்தான் மற்றது புரியும். பத்துப் பன்னிரண்டு சிறுவிடைக் கோழிகள், ஒரு பெருவிடைச் சேவல், அடை வைக்கிற காலத்தில் குஞ்சுகள் தனி. நாய் இரண்டு. செவலை நாட்டு நாய், வயசானது, குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர்ந்தது, அது சாப்பிடும்போது தட்டில் கோழி வந்து கொத்தினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கருப்பி கன்னிக் கலப்பு, ஓரளவு வளர்ந்த பிறகு எங்களிடம் வந்தது. சிக்கல் முழுக்கக் கருப்பியால்தான், ஆனாலும் அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கென்று பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த இனங்கள், முயலைக் கண்ணால் கண்டதும் துரத்துவதற்காகவே அந்த நீளக் காலும் ஒட்டிய வயிறும். ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள், நமக்கெல்லாம் பெருமைதான், ஆனால் அதே வேகம் பொடக்காளியில் ஒரு கோழிக்குப் பின்னால் கிளம்பினால் நாம் செருப்பைப் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கோழி அமைதியாக நடந்துபோனால் கருப்பி தலையைக்கூடத் தூக்காது. கத்திக்கொண்டு ரெக்கையடித்து ஓடினால் போச்சு. பசியும் இல்லை, கோபமும் இல்லை, ஓடுகிறதைப் பார்த்ததும் கால் கிளம்பிவிடுகிறது. கோழிக்கறி ருசி கண்டதால்தான் நாய் கோழியைப் பிடிக்கிறது என்று ஊரில் சொல்வார்கள், கருப்பி பிடித்த கோழிகளைத் தின்னவே இல்லை, ஓட்டம் நின்றதும் போட்டுவிட்டுப் போய்விட்டது.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். அளவைச் சொன்னதும் நோட்டில் எழுதிக்கொண்டே, "நாயி வளக்கறீங்களா அம்மிணி?" என்றார். ஆமாங்க, ரெண்டு இருக்குதுங்க என்றேன். "நாட்டு நாயிங்களா, வேட்டை நாயிங்களா?" ஒன்று கன்னிங்க என்றதும் போட்டிருந்த படத்தை அடித்துவிட்டு வேறு பக்கம் திருப்பினார். "அப்படின்னா கீழ ரெண்டடிக்கு அரை இஞ்சு மெஷ்ஷும் சேத்துப் போட்டர்லாமுங்க. நாயி உள்ள போறதில்லீங்க, கோழி தலைய வெளிய நீட்டுது பாருங்க, அதுலதான் போகுது." நாங்கள் விசாரித்த வேறு எந்தக் கடையிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் எத்தனை கோழி என்று மட்டும்தான் கேட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே அங்கே முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைக் கோழியைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே தெரிந்துகொள்ளலாம். கூண்டுக்குள் இருக்கிற புல்லை அது சீக்கிரமே கொத்தித் தீர்த்துவிடும். வெளியே ஒரு சாண் தள்ளிப் பச்சை தெரியும், தலை தானாக வெளியே போகும். கண் பெரிசாக இருக்கிற வலையில் கழுத்துவரை வெளியே விட்டு மேயும். பக்கத்தில் படுத்திருக்கிற நாய்க்கு எழுந்து நிற்கக்கூட வேண்டியதில்லை. அப்புறம் பார்த்தால் கூண்டு அசையாமல், கம்பி வளையாமல், பூட்டு பூட்டியபடி இருக்கும், உள்ளே கோழி செத்துக் கிடக்கும். மரநாயும் காட்டுப்பூனையும் ராத்திரியில் இதே வேலையைத்தான் செய்யும், வலையோரம் ஒட்டி உட்கார்ந்திருக்கிற கோழியின் இறக்கையையோ காலையோ வெளியிலிருந்தே இழுக்கும். ஒரு அங்குலக் கண்ணில்கூட வளர்கிற குஞ்சு தலையை விட்டுவிடும். அரை அங்குலம் என்றால் பெரிய கோழிக்கு மூக்கு நுனிதான் வெளியே வரும்.

கம்பி விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, முதல்முறை வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். தடிமனைக் கேஜ் என்ற கணக்கில் சொல்வார்கள், எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 10 கேஜ் சுமார் 3.2 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.6, 14 கேஜ் 2, 20 கேஜ் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. கடையில் கோழி வலை என்று கேட்டால் எடுத்துத் தருகிற ஆறுமூலைக் கண் வலை 20 கேஜ், 22 கேஜ் மாதிரி மெல்லிசாகத்தான் இருக்கும். கோழியை உள்ளே நிறுத்தி வைக்க அது தாராளம். நாய் முன்னங்காலைப் போட்டு நாலு இழுப்பு இழுத்தால் முறுக்கு அவிழ்ந்து ஓட்டையாகிவிடும். எங்கள் கூண்டில் சுற்றிலும் 12 கேஜ், ஒரு அங்குலக் கண் வெல்டு மெஷ், அதற்கு உள்பக்கமாகக் கீழ் இரண்டடிக்கு அரை அங்குல மெஷ். அரை அங்குல மெஷ் எங்களுக்குக் கிடைத்தது மெல்லிய கம்பிதான், அதை மட்டும் போட்டால் நாய்க்குத் தாங்காது. வெளியே இருக்கிற கனமான மெஷ் நாய்க்கு, உள்ளே இருக்கிற மெல்லிசு கோழித் தலைக்கு. மேல் பாதிக்கும் அரை அங்குலம் போட்டுச் செலவை ஏற்ற வேண்டியதில்லை. இதுவரைக்கும் இந்தப் பகுதியில் ஒரு குறையும் இல்லை, கருப்பி பல்லைப் போட்டுப் பார்த்த இடம்கூட அப்படியே இருக்கிறது.

அடுத்தது தோண்டுகிற விஷயம். சுற்றிலும் ஒன்றரை அடி பள்ளம் எடுத்து வலையை இறக்கு என்று எல்லோரும் சொல்வார்கள், எங்கள் காட்டில் மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சுக்காங்கல், கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். அதற்குப் பட்டறைக்காரர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. பள்ளமே வேண்டாம் என்று சொல்லி, கூண்டின் அடிச்சட்டத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையோடு படுக்கவிட்டு வெல்டு அடித்துக் கொடுத்தார். அதன்மேல் மண்ணைத் தள்ளி, ஓரத்தில் கல்லை அடுக்கிவிட்டோம், கொஞ்ச நாளில் கண்களுக்குள் புல் முளைத்து மெஷ் இருப்பதே தெரியவில்லை. நாய் எப்போதும் சுவரின் காலடியில்தான் தோண்ட ஆரம்பிக்கும். அங்கே நகம் கம்பியில் மாட்டினால் பக்கத்தில் நகர்ந்து மறுபடி காலடியிலேயே தோண்டும், ஒன்றரை அடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் வெட்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. ஆனால் நாலு மூலையிலும் மெஷ் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் நேராக வெட்டி விட்டுவிட்டார். மூலைக்கு மூலை சதுரமாக வெறும் மண். ஐப்பசி மழையில் மண் நெகிழ்ந்ததும் கருப்பி அந்த மூலையைத்தான் கண்டுபிடித்தது, நல்லவேளை விடியும்போதே பார்த்துவிட்டோம். துண்டு மெஷ் போட்டுக் கட்டுக்கம்பியால் கட்டிய பிறகு சரியாகிவிட்டது. செய்யச் சொல்லும்போதே மூலையில் மெஷ் மடங்கி ஏறியிருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருக்கிறது, அது நல்லது, நாய் முட்டி முட்டித் தள்ளினால் கதவு சட்டத்தோடு இன்னும் இறுகும். தாழ்ப்பாள் நடுவில் ஒன்றுதான் வைத்திருந்தார். அப்படி வைத்தால் கீழ்மூலையைக் காலால் இழுக்கும்போது கதவு வளைந்து மூக்கு போகிற அளவுக்குச் சந்து விழுகிறது, அதனால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கேட்டு மாற்றி வாங்கினோம், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. கோழிகள் மட்டும் வந்து போகிற சின்ன வாசலுக்கு மேலே தூக்குகிற தகடு. நாய் மூக்கைக் கீழே கொடுத்துத் தூக்கினால் அது சுலபமாகத் திறந்துகொள்ளும். அதற்கு ஒரு ஊசி மாட்டுகிற ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும். கொண்டி போட்ட கதவென்றால் வாங்கவே வாங்காதீர்கள், நாய் ஒருநாள் தற்செயலாக மூக்கால் தட்டித் திறந்துவிட்டால் போதும், அப்புறம் அதை மறக்கவே மறக்காது.

இனி குறைகள். பெரிய குறை ராத்திரி அடைகிற பெட்டி. தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கி, கம்பித் தளம் போட்டு, எச்சம் கீழே விழுந்தால் கூட்டிவிடத் தோதாக அடியைத் திறந்து விட்டிருக்கிறார். கோழி மட்டும் இருக்கிற வீட்டில் அது அருமையான யோசனை. நாய் இருக்கிற வீட்டில் சித்திரை வெயிலுக்கு அந்த நிழல்தான் நாய்க்குக் கிடைக்கிற குளிர்ந்த இடம். செவலை அங்கேயே குடியிருக்க ஆரம்பித்துவிட்டது. மேலிருந்து எச்சம் விழும், பேன் விழும், நாய் அதை நக்கும், தின்னும். கோழி எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், நாய்க்கு வயிற்றுப்போக்கு வரலாம், அப்படி வராமலே நாய் அதைச் சுமந்து நம் வீட்டுக் குழந்தையின் முகத்தை நக்கவும் செய்யும். அந்தப் பக்கத்தையும் மெஷ் போட்டு அடைத்து, இழுத்து எடுக்கிற மாதிரி ஒரு தகரத் தட்டு செய்யச் சொல்லியிருக்கிறேன். புதிதாகச் செய்கிறவர்கள் முதலிலேயே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் ஒட்டுப்போடுவதற்குச் செலவு அதிகம்.

இரண்டாவது, கூரை. வெறும் தகரம். கரூர் பரமத்தியும் ஈரோடும் தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் அடிக்கிற ஊர்ப் பட்டியலில் வருஷா வருஷம் வருகிறவை, நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகல் உச்சியில் உள்ளே கையை விட்டால் அனல் அடிக்கும், கோழிகள் வாயைத் திறந்து ரெக்கையை விரித்துக்கொண்டு நிற்கும். தென்னந்தடுக்கு இரண்டு அடுக்காகப் போட்டுக் கட்டிய பிறகுதான் தாங்கியது. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே விழுவது குறையும், இடம் பார்க்கும்போதே அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வேலை முடித்த விதம். நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பியில் வெல்டு அடித்தால் அந்த இடத்தில் நாகப் பூச்சு எரிந்துவிடும், துரு முதலில் பிடிப்பது அங்கேதான். அதற்குமேல் பிரைமர் ஒரு கோட்டிங்தான் அடித்திருந்தார், அதுவும் ஒப்புக்கு. மழைக்காலம் முடிந்ததும் மூட்டுக்கு மூட்டு துரு தெரிந்தது. வெட்டிய கம்பி நுனிகளையும் அப்படியே விட்டிருந்தார், சேவலின் கொண்டை கிழிந்தது, கருப்பிக்கு மூக்கில் கீறல். எனக்கு இதைவிடப் பயம் கீழே சிந்திக் கிடந்த கம்பித் துண்டுகள்தான். கோழி பளபளவென்று இருப்பதை எல்லாம் கொத்தும். நாகம் பூசிய துண்டு வயிற்றுக்குள் போனால் கோழிக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது, துத்தநாக விஷம் ரத்தத்தைக் கெடுக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்தோம், ஒரு கைப்பிடி அளவுக்குத் துண்டுகள் ஒட்டி வந்தன. கூண்டு வந்து இறங்கியதும் எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது, எங்கள் அத்தை இன்னமும் குஞ்சுகளைக் கொடாப்பு என்கிற கவிழ்த்து மூடுகிற கூடையைப் போட்டுத்தான் மூடுவார், அதன்மேல் ஒரு கல். பகலில் பருந்துக்கும் காக்காய்க்கும் அது போதும், நாட்டு நாய்க்கும் போதும். வேட்டை நாய் வளைந்து வளைந்து முட்டினால் கொடாப்பு கவிழும். பழைய மீன்வலையைக் குச்சி நட்டுச் சுற்றிக் கட்டுவதுதான் நம் பக்கம் எல்லோரும் செய்வது, செலவு கம்மி, ஆனால் நாய்க்கு அது ஒரு தடையே இல்லை, அதோடு கோழிக் கால் சிக்கும், சாரைப்பாம்பு மாட்டிக்கொண்டு துடிக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி நெருக்கமாக இருந்தால் ரொம்ப நல்லது, வெளி நாய் வராது. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் பட்டி பட்டியாக ஆடுகளைத் தெருநாய்கள் கடித்துக் கொன்று விவசாயிகள் நஷ்டஈடு கேட்டுப் போராடியது எல்லோருக்கும் தெரியும். கூண்டு என்பது நம் நாய்க்கு மட்டும் இல்லை, அந்த நாய்களுக்கும்தான்.

சரி, கூண்டு வந்துவிட்டது, அப்புறம் என்ன? இங்கேதான் நான் சொல்ல வருவது. கூண்டு இருக்கிறது என்று நாயை அதன் பக்கத்தில் சும்மா விட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். கருப்பி முதலில் கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது, உள்ளே கோழிகள் மிரண்டு பறந்தன, அவை பறக்கப் பறக்க இதற்கு வெறி ஏறியது. கோழிகள் முட்டை வைப்பதையே நிறுத்திவிட்டன. அதனால் முதல் கட்டத்தில் கூண்டுப் பக்கம் கருப்பி கயிறு இல்லாமல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். சங்கிலி வேண்டாம், அதன் சத்தத்துக்கே கோழி மிரளும், நீளமான நூல் கயிறு போதும். முதலில் காட்டைச் சுற்றி நன்றாக ஓடவிட்டுக் கூட்டி வந்து, களைத்த நாயாகக் கூண்டுக்குக் கொஞ்சம் தூரத்தில் உட்கார வைப்பேன். கோழிகளுக்குத் தீனி போட்டு அவை அமைதியாகக் கொத்துகிற நேரமாகப் பார்த்துத்தான் இது. நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காது முன்னால் வரும், வாய் மூடும், வால் ஆட்டம் நிற்கும், முன்னங்கால் ஒன்று லேசாக மடங்கித் தூக்கும். அந்த நொடியில் "விடு" என்று சொன்னால் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பிறகு சொன்னால் காதிலேயே விழாது. திரும்பிப் பார்த்ததும் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று. தானாகவே கோழியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தால் இரண்டு துண்டு. அமைதியாக இருந்தால் அடுத்த தடவை கொஞ்சம் கிட்டே, பதறினால் மறுபடி தூரம். அவசரப்பட்டால் நடக்காது, மாசக்கணக்கில் ஆகும், வேட்டை ரத்தம் இருக்கிற நாய்க்கு இன்னும் கூட ஆகும்.

அத்தைக்கு இதில் நம்பிக்கை இல்லை. "நாலு சாத்து சாத்துனாத் தெரிஞ்சுக்கும் கண்ணு, இதுக்குப் போயி ஈரல் குடுத்துட்டு உக்காந்திருக்கற" என்பார். அடித்தால் நாய் தெரிந்துகொள்வது வேறொன்று, ஆள் இருக்கும்போது தொடக்கூடாது என்று. ஆள் உள்ளே போனதும் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. அதோடு கோழியைப் பார்த்தாலே அடி ஞாபகம் வந்து கோழிமேல் எரிச்சல் கூடும். இப்போது அத்தையே கருப்பியைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கோழிகளுக்குக் கம்பு தானியம் வீசுகிறார். கூண்டு திறந்திருக்கிறது, கோழிகள் வெளியே மேய்கின்றன, கருப்பி மண்ணில் வாயை வைத்துப் படுத்திருக்கிறது. எங்களுக்கு அதைப் பார்க்க எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஆள் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக விடுவதில்லை, இனியும் விடமாட்டோம். நாய் இரண்டு இருந்தால் இன்னும் கவனம், தனியாக இருக்கும்போது சாதுவான நாய் இன்னொன்று துரத்த ஆரம்பித்தால் கூடவே ஓடும், செவலையே ஒருதரம் எழுந்து ஓடியது. சந்தையில் புதுக் கோழி வாங்கி வந்தால் நாய்க்கு அது நம் வீட்டுக் கோழி இல்லை, முதலிலிருந்து பழக்க வேண்டும். நொண்டுகிற கோழி, துடிக்கிற கோழி, கீச்சிடுகிற குஞ்சு மூன்றையும் நாய் கண்ணில் படாமல் வையுங்கள். குட்டி நாயாக வாங்குகிறவர்கள் புண்ணியவான்கள், குஞ்சோடு இருக்கிற தாய்க்கோழி மூக்கில் ஒரு கொத்து கொத்தினால் அந்தக் குட்டி ஜென்மத்துக்கும் மறக்காது. கண்ணில் கொத்திவிடாமல் மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே வாசலில் இரண்டும் இருந்தால் தீவனமும் மருந்தும் கலந்துபோகும், கூண்டு இதற்கும் உதவுகிறது. கடையில் வாங்குகிற குஞ்சுத் தீவனம் பலவற்றில் ரத்தக்கழிச்சலுக்கு மருந்து சேர்த்தே வரும். அதில் மொனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகள் நாய் நிறையத் தின்றுவிட்டால் நரம்பையும் சதையையும் பாதிக்கும், பின்னங்கால் இழுத்துக்கொள்ளும். அதனால் தீவனத் தட்டு கூண்டுக்குள், மூட்டை மூடி போட்ட டிரம்முக்குள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் கோழிக்கும் விஷம், நாய்க்கும் விஷம், ஈரலை அடித்துவிடும், மழைக்காலத்தில் மோந்து பார்த்துப் போடுங்கள். தெள்ளுப்பூச்சியில் ஒரு வகை கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், அதுவே நாயின் காது ஓரத்துக்கும் வரும், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்காவிட்டால் போகாது. ஆனால் நாய்க்கு அடிக்கிற உண்ணி மருந்தைக் கோழிக்கு அடித்துவிடாதீர்கள், முட்டையில் இறங்கும். கூண்டுப் பக்கம் எலி மருந்து வைக்கவே கூடாது, செத்த எலியைத் தின்றாலும் நாய்க்கு ஆபத்து. வியாதியில் செத்த கோழியைக் குப்பையில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் நாய் தோண்டி வாசலுக்கே கொண்டுவரும். வெள்ளைக்கழிச்சலுக்கு ஊருக்கு ஊர் பிப்ரவரியில் தடுப்பூசி முகாம் போடுவார்கள், காசு இல்லை, கூண்டில் அடைத்து வைத்திருந்தால் பிடித்துக் கொடுப்பதும் சுலபம், நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் கூடவே கேட்டுப் போட்டுவிடலாம். நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உடுமலைப்பேட்டையிலும் 2020-ல் வந்துவிட்டது, கோழிக்குப் பெயர்போன சீமையில் இருந்துகொண்டு மருந்துக்கடையில் கேட்டு எதையாவது கொடுக்க வேண்டாம், தீவனப் பையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் கால்நடை மருத்துவரிடமே காட்டுங்கள்.

நாயால் தொல்லை மட்டும்தானா என்றால் கிடையாது. செவலை வாசலில் படுத்திருக்கிறவரைக்கும் பட்டப்பகலில் கீரி கிட்டே வராது. பருந்து வட்டமிட்டால் சேவல் குரல் கொடுக்கும், அந்தக் குரலைக் கேட்டுச் செவலை எழுந்து வானத்தைப் பார்த்துக் குரைக்கும், கோழிகள் எல்லாம் அதன் பக்கமாக ஓடி வரும். கூண்டு வந்த பிறகு ராத்திரியில் இரண்டு நாயும் அதன் பக்கத்திலேயே படுப்பதால் காட்டுப்பூனையின் தொந்தரவும் நின்றுவிட்டது.

காசு விவரம்: எட்டடி நீளம், நாலடி அகலம், ஆறடி உயரம், கூலி எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. இரும்பைக் கிலோக் கணக்கில் போடுவதால் அன்றைய விலைக்கு ஏறும் இறங்கும். தயார்க் கூண்டு இதில் பாதி விலைக்குக் கிடைக்கும்தான், அதை வாங்கி நாய்க்குத் தகுந்தபடி மெஷ் சேர்த்து, கதவை மாற்றி, அடியைக் கட்டினால் கிட்டத்தட்ட இங்கேயே வந்து நிற்கும். சொன்ன தேதிக்குக் கொடுக்கவில்லை, ஆடி நோம்பி முடியட்டும், ஆள் வரட்டும் என்று இழுத்தார், போன் செய்தால் எடுத்துப் பதில் சொன்னார் என்பதால் கோபம் வரவில்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்று துருவுக்கும் கூரைக்கும் போனது. எட்டடிக் கூண்டு குட்டியானை வண்டியில் நிற்க வைத்துத்தான் வரும், இறக்க நாலு ஆள் வேண்டும், வண்டி வாடகையும் இறக்குக் கூலியும் அவர் சொல்கிற விலையில் சேராது, முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.